எட்டு மைல் தூரத்துப் பகையாளி

புதன்கிழமை

அக்கா வீடு ஜாக்சன் டவுன்ஷிப்பில் இருக்கிறது. ஓஹையோ மாநிலம், ஸ்டார்க் கவுண்டி. தெற்கே இறங்கினால் ஒரு பக்கம் கேன்டன், இன்னொரு பக்கம் மாஸிலன். சிகாகோவில் அலுவலக வேலை முடிந்து, சனிக்கிழமை வரை இங்கே தங்கலாம் என்று வந்தேன். விமான நிலையத்திலிருந்து வரும்போதே அக்கா சொல்லிவிட்டாள்: "நல்ல வாரமா பார்த்து வந்திருக்கேடா. ரெண்டு ஊரும் கிறுக்குப் பிடிச்சுக் கிடக்கு."

அக்டோபர் கடைசி. இலை சிவந்த மரங்களைப் பற்றி அமெரிக்கா வந்த எல்லாரும் எழுதிவிட்டார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். கிறுக்குக்கு வருவோம்.

சனிக்கிழமை மதியம் இரண்டு பள்ளிக்கூடங்கள் மோதுகின்றன. மாஸிலன் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி ஒன்று. அவர்கள் 'டைகர்ஸ்', நிறம் ஆரஞ்சும் கறுப்பும். கேன்டன் மெக்கின்லி உயர்நிலைப் பள்ளி இன்னொன்று. அவர்கள் 'புல்டாக்ஸ்', சிவப்பும் கறுப்பும். ஆட்டம் ஃபுட்பால், அதாவது தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவது. முதல் ஆட்டம் 1894-இல் நடந்தது. நூறாவது ஆட்டம் 1994-இல். இப்போது எண்ணிக்கை 130-ஐத் தாண்டிவிட்டது. மொத்தக் கணக்கில் மாஸிலன் முன்னால் நிற்கிறது. கேன்டன்காரர்களிடம் பேசும்போது இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டும் என்பது அத்தானின் அறிவுரை.

இரண்டு ஊருக்கும் இடையே எட்டு மைல். நம் கணக்கில் 13 கிலோமீட்டர். சாயங்காலம் அத்தான் காரில் அந்த எட்டு மைலையும் ஓட்டிக் காட்டினார். கேன்டனில் டஸ்கராவஸ் தெரு என்ற பெயரில் மேற்கே போகிற சாலை, மாஸிலனை நெருங்கும்போது லிங்கன் வே ஆகிவிடுகிறது. நடுவில் டயர்க் கடை, பர்கர் கடை, பழைய கார் விற்கும் இடம், மறுபடியும் டயர்க் கடை. எல்லைக்கோடு எதுவும் கண்ணில் படாது. ஆனால் ஒரு கட்டத்தில் கடைக் கண்ணாடிகளில் சிவப்பு காணாமல் போய் ஆரஞ்சு வந்துவிடுகிறது. முடி வெட்டும் கடை, வங்கி, ஒரு சர்ச்சின் அறிவிப்புப் பலகை என்று எதுவும் பாக்கியில்லை, எல்லாவற்றிலும் 'மெக்கின்லியை வீழ்த்து'. புல்வெளிகளில் நவம்பர் தேர்தலுக்கான அட்டைகளும் நட்டிருக்கிறார்கள். பள்ளிக்கான சொத்து வரியை ஓஹையோவில் மக்களே வாக்களித்துத்தான் ஏற்றுகிறார்கள். ஃபுட்பால் அட்டையும் வரி அட்டையும் ஒரே புல்வெளியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால், ஒன்றுக்காக இன்னொன்று ஓட்டுக் கேட்கிறதோ என்று சந்தேகம் வருகிறது.

அக்கா மகன் ஜாக்சன் பள்ளியில் பத்தாவது படிக்கிறான். அவனிடம் "நீ எந்தப் பக்கம்டா?" என்று கேட்டேன். "எந்தப் பக்கமும் இல்ல மாமா. நாங்களும் மெக்கின்லியோட ஆடறோம். நாங்க ஜெயிச்சாக்கூட அவங்க அதைப் பெருசா எடுத்துக்கறதில்ல. அவங்களுக்கு மாஸிலன் மட்டும்தான் எதிரி." தோற்றதைவிட, எதிரியாகக்கூட மதிக்கப்படாததில்தான் அவனுக்கு வருத்தம்.

வியாழக்கிழமை

இன்று முழுக்க மாஸிலன். அத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டார். கூடவே பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிறந்து வளர்ந்தது மாஸிலன். கல்யாணம் செய்துகொண்டது கேன்டன் பெண்ணை. "ஐம்பது வருஷமா வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் நாங்க பேசிக்கறதில்ல" என்று பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கையசைத்தார். சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

மாஸிலனில் சுமார் 32,000 பேர் இருக்கிறார்கள். பால் பிரவுன் டைகர் ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 16,600 பேர் உட்காரலாம். ஊரில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளிக்கூட மைதானம்! 1939-இல் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கல்லூரி மைதானம் என்றே நினைப்பீர்கள். கதவு பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தபோது வெறும் இருக்கை வரிசைகள்தான் தெரிந்தன. பெரியவர் கம்பிக்குள் விரலை நீட்டி, "அதோ, அந்த வரிசை. என் அப்பா உட்கார்ந்த இடம், இப்ப நான், அப்புறம் என் பையன்" என்றார். சீசன் டிக்கெட்டை உயிலில் எழுதி வைக்கிற வழக்கம் இங்கே உண்டாம். விவாகரத்து வழக்கில் வீட்டைப் பிரித்துக்கொண்டவர்கள் டிக்கெட்டுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்ற கதையும் சொன்னார். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சுவைக்குச் சேர்த்தது என்று நான் கிளறவில்லை.

மைதானத்துக்குப் பெயர் கொடுத்த பால் பிரவுனைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. இதே பள்ளியில் படித்தவர், இதே அணிக்கு ஆடியவர். 1932-இல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தபோது அவருக்கு வயது 24-தான். ஒன்பது பருவங்கள் இருந்தார்: 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமன். பையன்கள் மைதானத்தில் ஓடினால் மட்டும் போதாது என்று வகுப்பறையில் உட்காரவைத்து நோட்டுப் புத்தகத்தில் ஆட்டத் திட்டங்களை எழுதவைத்தார். ஊரின் நடுநிலைப் பள்ளிகளிலும் தன் முறையையே சொல்லிக்கொடுக்கச் செய்தார். அதனால் ஒரு பையன் உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போதே பாதிப் பாடம் முடிந்திருக்கும். 1940-இல் அவருடைய கடைசி அணி அந்தப் பருவம் முழுக்க எடுத்த புள்ளிகள் 477. விட்டுக்கொடுத்தவை 6. அந்த ஆறையும் எடுத்தது யார் என்கிறீர்கள்? கேன்டன் மெக்கின்லி. ஆட்டம் 34-6 என்று முடிந்தது. பெரியவர் அப்போது பிறக்கவேயில்லை. இருந்தும் அந்த ஆறு புள்ளிகளைப் பற்றி, போன வாரம் நடந்த மாதிரி எரிச்சல்பட்டார்.

அதன்பின் பிரவுன் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக அணிக்குப் போனார், கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் முதல் பயிற்சியாளர் ஆனார், சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியைத் தொடங்கினார். பெங்கால்ஸ் நிறமும் ஆரஞ்சு கறுப்புதான், சின்னமும் புலிதான். மாஸிலன்காரர்களுக்கு இதில் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

லிங்கன் வேயில் இருக்கும் மாஸிலன் அருங்காட்சியகத்தில் பிரவுனுக்கு ஒரு தனிப் பகுதியே உண்டு. அதே கட்டடத்தில் ஒரு சின்னஞ்சிறு சர்க்கஸ் மாதிரியும் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் ஃபுட்பாலைவிட அதுதான் பிடிக்கும்.

எனக்கு அங்கே பிடித்தது வேறு ஒரு செய்தி. முதல் ஆட்டம் நடந்த அதே 1894-இல்தான், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜேக்கப் காக்ஸி என்பவர் இதே மாஸிலனிலிருந்து வேலையில்லாதவர்களைத் திரட்டிக்கொண்டு தலைநகர் வாஷிங்டனுக்கு நடந்தார். 'காக்ஸியின் படை' என்று வரலாற்றில் வருவது இதுதான். பெரும் பொருளாதாரச் சரிவுக் காலம். அரசாங்கம் சாலை போடட்டும், எங்களுக்கு வேலை கொடுக்கட்டும் என்று கேட்கப் போனார்கள். போன இடத்தில் புல்வெளியை மிதித்ததாகக் காக்ஸியைக் கைது செய்தார்கள். ஒரு பக்கம் வேலை கேட்டு நடைப்பயணம், இன்னொரு பக்கம் பக்கத்து ஊரோடு பந்தாட்டம். அதற்கப்புறம் எஃகு ஆலைகள் வந்தன, 1937-இல் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பிறகு ஆலைகளும் ஒவ்வொன்றாகச் சுருங்கின. அன்று தொடங்கியதில் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது பந்தாட்டம் ஒன்றுதான்.

மாஸிலனில் ஆண் குழந்தை பிறந்தால் மருத்துவமனைத் தொட்டிலில் ஒரு குட்டி ஃபுட்பால் வைப்பது பல தலைமுறை வழக்கம். அணிக்கு ஆதரவாக இயங்கும் சங்கம்தான் கொடுக்கும். பெரியவருக்கும் வைத்தார்களாம், இன்னும் வைத்திருக்கிறார். ஆனால் 2018-இல் ஊர் மருத்துவமனை மூடப்பட்டுவிட்டது. இப்போது பிரசவத்துக்குப் பெரும்பாலும் கேன்டன்தான் போக வேண்டும். "புலிக்குட்டிகளெல்லாம் நாய் வீட்டுல பிறக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சாப்பிடும்போது அவர் சொன்ன ஒன்று எனக்கு உறுத்தியது. அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்பில் பாஸான பையனையே இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்காரவைக்கும் பெற்றோர் உண்டு. படிப்புக்காக இல்லை. ஒரு வயது கூடினால் உடம்பு தேறும், கடைசி வருடம் ஆடும்போது எதிராளியைவிடப் பெரியவனாக இருப்பான். "என்னையும் அப்படி உட்கார வச்சாங்க" என்றார், வருத்தமே இல்லாமல். கேட்டதற்கு அத்தான் தமிழில் மெதுவாக, "விடுங்க மாப்ளே, அவருக்கு அது பெருமை" என்றார். சரி, விட்டுவிட்டேன். ஆனால் சண்டை பெரியவர்களுடையது, ஒரு வருடம் கொடுத்தது பையன்.

சாயங்காலம் நகர மையத்தில் ஊர்வலம். பேண்டு வாத்தியம், தீயணைப்பு வண்டி, திறந்த லாரிகளில் வீரர்கள். நம்மூர்த் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருப்பது போல இங்கேயும் நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு, போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள். 'டைகர் ஸ்விங் பேண்டு' 1938-இல் பிரவுன் காலத்தில் உருவானது. நடந்துகொண்டே ஆடிக்கொண்டே வாசிக்கிறார்கள். டிரம் அடிக்கும் பெண்பிள்ளைகளைப் பார்த்தபோது லாரியில் நிற்பவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கும் என்று தோன்றியது. லாரிகளில் நின்ற பையன்களின் முகத்தைப் பார்த்தேன். பதினாறு, பதினேழு வயது. சிலர் கையசைத்தார்கள். ஒருவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். நடைபாதையில் அறுபது வயதுக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை

கேன்டன் பெரிய ஊர், சுமார் 70,000 பேர். உருளை பேரிங் செய்யும் டிம்கன் நிறுவனத்தால் பேர் பெற்றது. அமெரிக்க ஜனாதிபதி வில்லியம் மெக்கின்லி வாழ்ந்த ஊர். 1901-இல் அவர் பஃபலோவில் சுடப்பட்டு இறந்தபின், இங்கே ஒரு குன்றின் மேல் பெரிய குவிமாடக் கல்லறை கட்டினார்கள். ஏறிப் போக 108 படிகள். நம் ஆளுக்கு எண்ணைப் பார்த்தவுடன் வேறு ஞாபகம் வரும், ஆனால் இங்கே அந்தப் படிகளில் ஏறி இறங்கி உடற்பயிற்சி செய்கிறார்கள். பள்ளிக்கு அவர் பெயர்தான். பள்ளி, மைதானம், ஃபுட்பால் ஜாம்பவான்களுக்கான அருங்காட்சியகமான 'ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்' மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேறு எந்த ஊரிலும் பள்ளிப் பையன்கள் இப்படி ஓர் இடத்தில் ஆடுவார்களா தெரியாது: சுவருக்கு அந்தப் பக்கம் அந்த விளையாட்டின் மொத்த வரலாறும் வெண்கலத் தலைகளாக வரிசை கட்டியிருக்கிறது.

இத்தனை பெரிய அமெரிக்காவில் அந்த ஹால் ஆஃப் ஃபேம் ஏன் இந்தச் சின்ன ஊரில் இருக்கிறது? 1920 செப்டம்பர் 17 அன்று இங்கே ரால்ஃப் ஹே என்பவரின் ஹப்மொபைல் கார் ஷோரூமில் கூடிப் பேசித்தான் அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான இன்றைய என்எஃப்எல் அமைப்பைத் தொடங்கினார்கள். கூட்டத்துக்கு ஆள் அதிகம், நாற்காலி போதாமல் கார் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள் என்பது ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. ஹே அப்போது கேன்டன் புல்டாக்ஸ் என்ற தொழில்முறை அணியின் உரிமையாளர். அந்தக் கால நட்சத்திர வீரர் ஜிம் தோர்ப் அந்த அணிக்குத்தான் ஆடினார். வாசலைத் தாண்டியதும் அவர் சிலை நிற்கிறது.

அந்த அணிக்கு முன்கதை உண்டு, அதில் மாஸிலன் வராமல் இருக்குமா! 1900-களின் தொடக்கத்தில் இரண்டு ஊரும் ஆளுக்கொரு தொழில்முறை அணி வைத்திருந்தன: மாஸிலன் டைகர்ஸ், கேன்டன் புல்டாக்ஸ். ஒருவரை ஒருவர் ஜெயிப்பதற்காக வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆட்களை இறக்கினார்கள். இன்றைக்கு நாம் ஏலம் என்கிறோம், அன்றைக்கு ரயில் டிக்கெட்டும் கவரும். 1906 நவம்பரில் இரண்டு முறை மோதினார்கள். முதலாவதில் கேன்டன், இரண்டாவதில் மாஸிலன். உடனே மாஸிலன் தரப்பு, கேன்டன் பயிற்சியாளர் ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசி வைக்கப் பார்த்தார் என்று கிளப்பியது. கேன்டன் தரப்பு மறுத்தது. நிரூபணம் எதுவும் ஆகவில்லை. ஆனால் பந்தயம் கட்டிப் பணம் இழந்தவர்களின் கோபத்திலும் ஏற்கெனவே இருந்த கடனிலும் இந்தப் பகுதியின் தொழில்முறை ஆட்டமே சில வருடங்கள் படுத்துவிட்டது. பள்ளிக்கூட ஆட்டம் மட்டும் அதற்குப் பிறகும் நடந்தது.

ஆக, என்எஃப்எல் ஓர் அறிவாளியின் திட்டத்தில் பிறந்தது என்று நான் நம்பத் தயாராக இல்லை. எட்டு மைல் தூரத்து இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று ஜெயிப்பதற்காகத் தகுதிக்கு மீறிச் செலவழித்ததும் அதற்கு ஒரு காரணம். இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது, கூடிப் பேசி ஒரு வரைமுறை வைப்போம் என்பதுதானே 1920 கூட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

வெண்கலத் தலைகளில் நான் தேடியது இரண்டு. ஒன்று பால் பிரவுன், 1967-இல் சேர்க்கப்பட்டவர். அடுத்த வருடமே சேர்க்கப்பட்டவர் மேரியன் மோட்லி, கேன்டன் மெக்கின்லியில் படித்தவர், கறுப்பினத்தவர். மோட்லி ஆடிய மூன்று பருவங்களில் மெக்கின்லி 25 ஆட்டங்களில் ஜெயித்து மூன்றில் மட்டும் தோற்றது. அந்த மூன்றும் பிரவுனின் மாஸிலனிடம். 1946-இல் பிரவுன் தன் புதிய கிளீவ்லாண்ட் அணிக்கு ஆள் சேர்த்தபோது, பள்ளிக் காலத்தில் தனக்கு எதிராக நின்ற அந்தப் பையனை எடுத்துக்கொண்டார். தொழில்முறை ஃபுட்பாலில் அதுவரை பல வருடங்களாகக் கறுப்பினத்தவருக்கு இடமே கொடுக்காமல் இருந்தார்கள். அந்தச் சுவர் உடைந்த வருடம் அது. உடைத்த நான்கு பேரில் மோட்லி ஒருவர். அதே அணியில் பில் வில்லிஸ் இன்னொருவர். பேஸ்பாலில் அதே சுவரை உடைத்த ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகுக்குள் வருவதற்கு ஒரு வருடம் முன்னால். மோட்லி எப்படிப்பட்ட ஆள் என்று பிரவுனுக்கு யாரும் அறிமுகம் செய்யத் தேவையிருக்கவில்லை. மூன்று வருடம் அவரை எப்படி நிறுத்துவது என்றுதானே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

கேன்டனில் ஒரு காபிக் கடையில் சிவப்புத் தொப்பி போட்ட இரண்டு பேர் எங்களோடு பேச்சுக் கொடுத்தார்கள். நேற்று மாஸிலனில் இருந்தோம் என்று அத்தான் உளறிவிட்டார். "அங்க பிளேஆஃப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று ஒருவர் கண்ணடித்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓஹையோவில் மாநிலப் பட்டத்துக்கான பிளேஆஃப் முறை 1972-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பத்திரிகைகளும் செய்தி நிறுவனங்களும் வாக்கெடுத்து 'இந்த வருட சாம்பியன்' என்று அறிவிப்பார்கள். மாஸிலனிடம் அப்படி வாங்கிய பட்டங்கள் ஏராளம். பிளேஆஃப் வந்தபின் வெகுகாலம் ஒன்றுகூட இல்லை. மெக்கின்லி 1981, 1997, 1998 என்று மூன்று முறை வென்றது. மாஸிலன் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்கும், மறுபடி வந்து தோற்கும்; 2018, 2019, 2020 மூன்று வருடமும் தொடர்ந்து அப்படித்தான். கேன்டன்காரர்களுக்கு அது தீராத தீனியாக இருந்தது.

கடைசியில் 2023 நவம்பர் 30 அன்று மாஸிலன் 7-2 என்று அக்ரனின் ஆர்ச்பிஷப் ஹோபன் பள்ளியை வென்று அந்தக் கோப்பையைத் தூக்கியது. எங்கே தூக்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாநில இறுதி ஆட்டங்கள் நடப்பது கேன்டனில், மெக்கின்லியின் சொந்த மைதானமான அதே டாம் பென்சன் ஹால் ஆஃப் ஃபேம் ஸ்டேடியத்தில்! தங்கள் வீட்டுக் கூடத்தில் எதிரி மாலை போட்டுக்கொண்டதைச் சிவப்புத் தொப்பிக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். "மைதானத்தை வாடகைக்கு விட்டோம், அவ்வளவுதான்" என்றார் ஒருவர். "வாடகை நல்லா வந்துச்சு" என்றார் மற்றவர்.

சனிக்கிழமை

இந்த முறை ஆட்டம் மாஸிலன் மைதானத்தில். என் விமானம் ஆட்டத்துக்கு முன்னாலேயே கிளம்புகிறது, திங்கள் காலை சென்னையில் வேலைக்குப் போயாக வேண்டும். காலையில் மைதானத்துப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே விமான நிலையம் போகலாம் என்றார் அத்தான். பெரியவரும் அந்த அம்மாவும் ஒரே காரில், ஆரஞ்சும் சிவப்புமாக, எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

நல்ல குளிர். வண்டி நிறுத்துமிடம் முழுக்க அடுப்புப் புகை. லாரிகளின் பின்கதவைத் திறந்துவைத்து இறைச்சி சுடுகிறார்கள், பெரிய பாத்திரங்களில் சில்லி என்ற இறைச்சிக் குழம்பு கொதிக்கிறது. நான் சைவம் என்றதும் ஒருவர் யோசித்துவிட்டுக் கை நிறைய உருளைக்கிழங்கு சிப்ஸும் ஒரு ஆரஞ்சு கேக்கும் கொடுத்தார். கேன்டனிலிருந்து வந்தவர்களும் தைரியமாக நடுவிலேயே கடை விரித்திருந்தார்கள். அடிதடி எதையும் நான் பார்க்கவில்லை. வாய் மட்டும்தான்.

பெரியவரைக் கண்டுபிடித்தோம். அவருடைய மைத்துனரோடு, அதாவது அந்த அம்மாவின் தம்பியோடு, உட்கார்ந்திருந்தார். மைத்துனர் தலை முதல் கால் வரை சிவப்பு. பேச்சு எப்படித் தொடங்கியதோ, நாங்கள் போனபோது 1972-க்கு முந்தைய பட்டங்களில் நின்றிருந்தது. மைத்துனரின் வாதம்: பத்திரிகைக்காரன் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது பட்டமா, அது வெறும் காகிதம். பெரியவரின் வாதம்: அப்படியென்றால் அந்தக் காலத்தில் மெக்கின்லிக்குக் கிடைத்ததும் காகிதம்தான், அதை உங்கள் பள்ளிச் சுவரிலிருந்து எடுங்கள், நாங்களும் எடுக்கிறோம். மைத்துனர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடையது காகிதம், எங்களுடையது நியாயமாகக் கிடைத்தது என்று விளக்கத் தொடங்கினார். நடுவில் அந்த அம்மா இரண்டு பேர் தட்டிலும் சாசேஜ் வைத்துவிட்டுப் போனார்.

பெரியவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீ வெளியூர்க்காரன், நடுநிலையா சொல்லு, காகிதமா, பட்டமா?" என்றார். இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பக்கத்துக் கூடாரத்திலிருந்தும் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். "பாத்தியா, அவனே சொல்லிட்டான்" என்றார்கள் இருவரும், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்.